மேல் வீட்டில் பிரேக்கர், கீழ் வீட்டில் பகல் தூக்கம்

கேள்வி: நான் நர்ஸ். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நைட் டியூட்டி. காலை எட்டரைக்கு வீடு வந்து படுத்தால்தான் தூக்கம். மூன்று வாரமாக எங்களுக்கு நேர் மேல் வீட்டில் பிரேக்கர் மெஷினால் டைல்ஸ் உடைக்கிறார்கள், சுவர் இடிக்கிறார்கள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் மாலை ஆறு வரை, சில நாள் ஏழு வரை. மேலே போய்ச் சொன்னால் "பகலில்தானே செய்கிறோம்" என்கிறார்கள். அசோசியேஷன் செயலாளரும் அதையேதான் சொல்கிறார். துணை விதிகளில் "மற்றவர்களுக்கு இடையூறு செய்யக் கூடாது" என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இல்லையாம். போனில் ஒரு செயலியை இறக்கி அளந்தேன், 78 டெசிபல் காட்டியது. குடியிருப்புப் பகுதியில் 55தான் என்று எங்கோ படித்திருக்கிறேன். போலீஸில் சொல்லலாமா? போன வாரத்திலிருந்து எங்கள் பாத்ரூம் கூரையில் மெல்லிய விரிசல் ஒன்றும், உள்ளங்கை அளவு ஈரமும் தெரிகின்றன. இன்னொன்று: அடுத்த வருடம் எங்கள் சமையலறையையும் மாற்றும் எண்ணம் இருக்கிறது. இப்போது சண்டை போட்டால் அப்போது எங்களை விடுவார்களா?

பதில்:

சத்தத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் பாத்ரூம் கூரை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சத்தம் இன்னும் சில வாரத்தில் எப்படியும் நின்றுவிடும். கசிவு அப்படி நிற்காது.

பாத்ரூம் தரை டைல்ஸைப் பெயர்க்கும்போது அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங் பூச்சும் பெரும்பாலும் கூடவே போய்விடும். தூசி அடங்க வேலையாட்கள் தண்ணீர் தெளிப்பார்கள், பக்கெட்டைக் கழுவிக் கொட்டுவார்கள். அது உடைந்த தரையில் தேங்கி மெல்லக் கீழே இறங்கும். இப்போது நீங்கள் பார்க்கும் ஈரம் அந்தத் தண்ணீராக மட்டுமே இருக்கலாம். அப்படியானால் காய்ந்துவிடும். ஆனால் புது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் உங்கள் கூரையின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது.

செய்ய வேண்டியது ஒரு சோதனை. புதிய வாட்டர்புரூஃபிங் பூசிக் காய்ந்த பிறகு, தண்ணீர் வெளியேறும் வாயை அடைத்து, பாத்ரூம் தரை முழுக்க ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். சுவரில் நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்துவிட்டு, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட வேண்டும். கோடு இறங்கியதா என்று அவர்கள் மேலே பார்ப்பார்கள், ஈரம் புதிதாக வந்ததா என்று நீங்கள் கீழே பார்ப்பீர்கள். ஒழுங்கான காண்ட்ராக்டர் யாரும் சொல்லாமலே இதைச் செய்வார். அவசரக்காரர்கள் இந்த இரண்டு நாளைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஆகவே இன்றைக்கே கேளுங்கள்: பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டிவிட்டீர்களா? ஒட்டவில்லை என்றால் தண்ணீர் கட்டும் நாளை எனக்கும் சொல்லுங்கள், கூரையை நான் பார்த்துச் சொல்கிறேன். இதற்கு மறுப்புச் சொல்வது கடினம். பின்னால் கசிந்தால் உடைத்துத் திரும்பச் செய்யும் செலவு அவர்களுடையதுதானே.

விரிசலுக்கு இப்போது ஒரு பென்சில் போதும். விரிசலின் இரண்டு முனையிலும் குறுக்கே சின்னக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு நாணயத்தைப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள், கோட்டைத் தாண்டி ஓடுகிறதா என்று. அகலத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஏ4 தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. கான்கிரீட்டில் 0.3 மி.மீ. வரையிலான விரிசலைச் சாதாரணச் சூழலில் வடிவமைப்பு விதிகளே பொறுத்துக்கொள்கின்றன. மூன்று தாளைச் சேர்த்து வைத்தால் உள்ளே நுழையாத விரிசல் என்றால், அநேகமாக மேல்பூச்சு அதிர்ந்து விட்ட கீறல்தான். மூன்று தாளும் நுழைகிறது, அல்லது விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது, துருக்கறை தெரிகிறது, பீம் மேல் குறுக்காக ஓடுகிறது, திறந்து மூடிய கதவு திடீரென்று பிடிக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லி, கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டச் சொல்லுங்கள்.

"சுவர் இடிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சுவர்? எனக்கு உங்கள் 78 டெசிபலைவிட இதுதான் முக்கியம். தூண்களுக்கு நடுவே செங்கல்லிலோ பிளாக்கிலோ எழுப்பிய தடுப்புச் சுவர் என்றால் எடுக்கலாம். ஆனால் எல்லாக் கட்டடத்திலும் தடுப்புச் சுவர் வெறும் தடுப்பு இல்லை. அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டாக வார்த்த குடியிருப்புகளில், படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரே மேல்மாடிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும். சில தளங்களில் உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள்கள் ஓடும். அதில் துளை போடுவதுகூட வரைபடம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். உடைப்பவருக்கு இது தெரியாது, அவர் கையில் வரைபடமும் இருக்காது. கீழே வந்து விழும் இடிபாட்டைப் பாருங்கள். செங்கல், காரை என்றால் சரி. கம்பி நீட்டிக்கொண்டு கான்கிரீட் கட்டிகள் மூட்டை மூட்டையாக இறங்கினால் கேள்வி கேளுங்கள்.

2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஆறாம் மாடி வீடு ஒன்றில் தரை வேலை நடந்துகொண்டிருந்தபோது தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழே முதல் மாடி வரை சரிந்தன. இருவர் இறந்தார்கள். பிறகு டெல்லி ஐஐடி ஆய்வு செய்ததில், கான்கிரீட்டில் குளோரைடு உப்பு கலந்திருந்ததும், உள்ளே கம்பிகள் அரித்திருந்ததும் தெரியவந்தன. நோய் கட்டடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. உங்கள் கட்டடத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. வெளியே பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அதனால்தான் எதை உடைக்கிறோம் என்பதைத் தாளில் வரைந்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்கிறோம்.

சரி, இப்போது சத்தம்.

நான் யார் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பே அடுக்குமாடி வீடுகளை உடைத்துச் சீரமைப்பதுதான். அதாவது உங்கள் கதையில் நான் மேல் வீட்டுக்காரன். என்னைத் திட்டியவர்களின் பட்டியல் நீளமானது, அதில் பாதிப் பேர் திட்டியதில் தப்பே இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "சத்தம் போடாதே" என்று கேட்டு யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. "சத்தம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் தேதியோடு முடியும்" என்று கேட்டவர்கள் பெரும்பாலும் பதிலோடுதான் திரும்பிப் போனார்கள்.

அந்த 78-ஐப் பார்ப்போம். நீங்கள் படித்த 55 சரியான எண்தான். இந்தியாவின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. ஆனால் அந்த 55 ஒரு நொடியின் உச்சம் அல்ல, நேரம் முழுக்க எடுத்த சராசரி. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கும் அல்ல. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிகிறது. பதினாறு மணி நேரப் பகலில் ஒரே ஒரு மணி நேரம் 80 டெசிபல், மீதி நேரம் நிசப்தம் என்று வைத்துக்கொண்டால் நாள் சராசரி 68 வரும். பார்த்தீர்களா, அப்போதும் 55-ஐத் தாண்டுகிறது. ஆகக் கணக்கில் நீங்கள் சரி.

ஆனால் கணக்கில் சரியாக இருப்பதும் காரியம் நடப்பதும் ஒன்றல்ல. அந்த அளவு ஒரு பகுதியின் பொதுச் சூழலுக்கு வைத்தது, உங்கள் படுக்கையறைக்கு வைத்ததல்ல. போன் செயலியை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரிபார்த்த கருவியோடு ஒருவர் வந்து சேரும்போது மேலே டீ இடைவேளையாக இருக்கும். அதே விதிகளில் 2010-ல் சேர்த்த ஒரு வரி மட்டும் உறுதியானது: குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இரவு நேரத்தில் இயக்கவே கூடாது. அதை நிரூபிக்க டெசிபல் வேண்டாம், கடிகாரம் போதும்.

நீங்கள் ஊர் பெயர் எழுதவில்லை. வெளிநாட்டிலிருந்து எழுதும் வாசகர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதால் மற்ற இடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். எல்லா இடத்திலும் கடிகாரம்தான் ஆள்கிறது. ஹாங்காங்கில் மாலை 7 முதல் காலை 7 வரையும், ஞாயிறு, பொது விடுமுறை முழுக்கவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கட்டுமான இயந்திரம் ஓடக் கூடாது. நியூயார்க்கில் சாதாரணமாக வாரநாட்களில் காலை 7 முதல் மாலை 6 வரை. இங்கிலாந்தில் பல உள்ளாட்சிகள் வாரநாளில் 8 முதல் 6, சனிக்கிழமை 8 முதல் 1, ஞாயிறு கிடையாது என்று வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் இரவு 10 முதல் 6 வரையும் ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். அங்கே ஞாயிற்றுக்கிழமை டிரில்லைக் கையில் எடுப்பவர் அக்கம்பக்கத்துச் சினேகத்தை மறந்துவிட வேண்டியதுதான். சிங்கப்பூரின் அரசு வீடமைப்பு வாரிய வீடுகளில், இடிப்பு, டைல்ஸ் வெட்டுதல் போன்ற அதிகச் சத்த வேலைகள் வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். சனி, ஞாயிறில் இல்லை.

கவனித்தால் ஒன்று தெரியும். இந்த விதிகள் எல்லாமே இரவில் தூங்குபவரைக் காப்பாற்றுகின்றன. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுப் பகலில் படுப்பவரை எந்த விதியும் நினைக்கவில்லை. ஆகவே சட்டப் புத்தகத்தில் உங்களுக்குப் பெரிய ஆயுதம் இல்லை. மேல் வீட்டுக்காரர் "பகலில்தானே" என்று சொல்வதும் வெறும் திமிர் அல்ல, விதி அப்படித்தான் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் படுக்கையறைக்குள் நல்ல தூக்கத்துக்கு 30 டெசிபலைத் தாண்டாத சூழல் வேண்டும் என்று 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது, ஆனால் அதைக் காட்டி யாரும் பிரேக்கரை நிறுத்த முடியாது.

இந்த விதிகளுக்குள் உங்களுக்கு உதவும் ஒரு யோசனை இருக்கிறது. சிங்கப்பூர் விதியில் மணிக்கணக்கோடு நாள்கணக்கும் உண்டு: சுவர் இடிப்பையும் தரை, சுவர் டைல்ஸ் பெயர்ப்பையும் அடுத்தடுத்த 3 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான்.

ஏன் என்று என் தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு படுக்கையறை வீட்டில் பழைய தரையைப் பெயர்க்க, கருவியும் ஆட்களும் சரியாக இருந்தால், எனக்கு நான்கு, ஐந்து நாள் ஆகும். பாத்ரூம் ஒன்றுக்கு ஒன்றரை நாள். வயர் குழாய்க்குச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்ட இரண்டு நாள். எல்லாம் சேர்த்தாலும் பத்து நாளைத் தாண்டக் கூடாது, கூடுதல் ஆள் போட்டால் இன்னும் குறையும். உங்கள் மேல் வீட்டில் மூன்று வாரமாக உடைப்பு நடக்கிறது என்றால், காரணம் வேலையின் அளவு அல்ல. இரண்டில் ஒன்று. காண்ட்ராக்டர் ஒரே ஆட்களை மூன்று வீட்டுக்குப் பங்கு போட்டு, இங்கே அரை நாள், அங்கே அரை நாள் என்று ஓட்டுகிறார். இல்லையென்றால் வீட்டுக்காரர் இன்னும் முடிவெடுக்கவில்லை. முதல் வாரம் தரை மட்டும், இரண்டாம் வாரம் "இந்த அலமாரியையும் எடுத்துவிடலாமே", மூன்றாம் வாரம் "ஏசி குழாய் உள்ளே போகட்டும்". உடைக்க வேண்டியதன் மொத்தம் ஒன்றுதான். அதை எட்டு நாளில் கொட்டித் தீர்ப்பதா, இரண்டு மாதம் சொட்டுச் சொட்டாக விடுவதா என்பது மேலாண்மை. இதைச் சரிசெய்தால் அவர்களுக்கும் லாபம். அவர்கள் வேலை முடியும்வரை வாடகை வீட்டில் காத்துக்கொண்டிருந்தால் இன்னும் லாபம். அதனால் இது சண்டைக்கான கோரிக்கை இல்லை.

இரண்டாவது, உங்கள் டியூட்டி அட்டவணை. பத்துப் பன்னிரண்டு நைட் என்கிறீர்கள். அதில் வாரநாளில் விழுவது எட்டு, ஒன்பது இருக்கும். அந்த நாட்களைத் தேதி போட்டு எழுதி மேலே கொடுங்கள். "வேலையை நிறுத்துங்கள்" என்று கேட்காதீர்கள். "அந்த நாளில் மட்டும் மதியம் இரண்டு மணிக்கு மேல் உடையுங்கள், காலையில் சத்தமில்லாத வேலையைப் பாருங்கள்" என்று கேளுங்கள். சீரமைப்பில் சத்தமில்லாத வேலை நிறைய உண்டு: பட்டி பார்ப்பது, பெயின்ட், வாட்டர்புரூஃபிங், வயர் இழுப்பது, பசை தேய்த்து டைல்ஸ் ஒட்டுவது. டைல்ஸ் வெட்டும் கட்டிங் மெஷின்தான் நடுவில் கத்தும். அன்றைக்கு வேண்டிய துண்டுகளை முந்தின நாள் மாலையே வெட்டி வைத்தால் காலை அமைதியாக ஓடும். மேஸ்திரிக்கு இது தெரியும், யாரும் கேட்காததால் செய்வதில்லை. ஒன்பதிலிருந்து இரண்டு வரை என்றால் உங்களுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம். போதாதுதான், ஆனால் கிடைக்கக்கூடியது.

வாய்ச்சொல்லாக வேண்டாம். வாட்ஸ்அப்பில் குழுவில் போடாமல், வீட்டுக்காரருக்குத் தனியாக இப்படி அனுப்பலாம்:

"சார், வணக்கம். நான் உங்கள் கீழ் வீடு. வீட்டு வேலை நல்லபடியாக முடியட்டும். நான் நைட் டியூட்டி பார்ப்பதால் சில நாள் பகலில்தான் தூங்க முடிகிறது. இந்த மாதம் அந்த நாட்கள் கீழே கொடுத்திருக்கிறேன். அன்று மட்டும் உடைப்பு வேலையை மதியம் 2 மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் பெரிய உதவி. மற்ற நாட்களில் 9 முதல் 6 வரை எவ்வளவு வேண்டுமானாலும் உடைத்து, அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். இன்னும் எந்தெந்த இடம் உடைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் முடியும் என்று சொன்னால் நான் அதற்கேற்ப டியூட்டி மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். எங்கள் பாத்ரூம் கூரையில் ஈரம் தெரிகிறது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். டைல்ஸ் ஒட்டுமுன் தண்ணீர் கட்டிச் சோதிக்கும் நாளைத் தயவுசெய்து சொல்லுங்கள்."

இதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது, மறைக்கவில்லை. "எந்தத் தேதிக்குள் முடியும்" என்று எழுத்தில் கேட்டால் வீட்டுக்காரர் காண்ட்ராக்டரிடம் போய்க் கேட்க வேண்டிவரும். பல சமயம் அவரே அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பார்.

மேஸ்திரியிடமும் இரண்டு வார்த்தை பேசலாம், மரியாதையாக. ஏனென்றால் சத்தத்தின் அளவு கருவியிலும் கையிலும் இருக்கிறது. செங்கல் சுவரைச் சம்மட்டியால் அடித்துச் சாய்ப்பதைவிட, வைர பிளேடால் கட்டம் கட்டமாக வெட்டி, துண்டு துண்டாகக் கழற்றுவது நல்லது. வெட்டும்போது கீச்சென்று கத்தும், ஆனால் கட்டடம் முழுக்க அதிராது. குழாய்த் துளைக்கு அடித்துக் குடையும் டிரில்லுக்குப் பதில் சுற்றிக் குடையும் கோர் கட்டர். பெரிய பிரேக்கரும் மழுங்கிய உளியும் சேர்ந்தால் அதுதான் நரகம். உளி கூராக இருந்தால் சின்ன பிரேக்கரே போதும். இடிபாட்டை உயரத்திலிருந்து தரையில் எறியாமல் சாக்கில் போட்டு இறக்குவது, தரையில் பழைய மெத்தையோ ரப்பர் விரிப்போ போடுவது, இதெல்லாம் காசில்லாத வேலை. தரை சமமாகவும் உறுதியாகவும் இருந்தால் பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டலாம், உடைப்பே கிடையாது. ஆனால் சதுர மீட்டருக்கு இருபது கிலோவுக்கு மேல் எடை கூடும், கதவுகளின் அடியை வெட்ட வேண்டிவரும். பாத்ரூமுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஏன் கட்டடம் முழுக்க அதிர்கிறது என்பதையும் ஒரு நிமிடம் கேளுங்கள், சில வீண் சண்டை மிச்சமாகும். பேச்சுச் சத்தம் காற்றில் வருகிறது, சுவர் அதைத் தடுக்கும். பிரேக்கர் தளத்தையே தட்டுகிறது. தளம், பீம், தூண் எல்லாம் சேர்ந்து ஒரே கல். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், கான்கிரீட்டில் 3,000 மீட்டருக்கும் மேல், வழியில் அதிகம் தேய்வதும் இல்லை. அதனால் நான்காம் மாடியில் அடிப்பது இரண்டாம் மாடியில் பக்கத்துச் சுவரில் அடிப்பதுபோலக் கேட்கும். எங்கள் ஆட்கள் கீழே இரண்டாம் மாடியில் உடைத்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் மாடிக்காரர் ஆறாம் மாடிக்காரரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் நேர் மேல் வீடு என்று உறுதியாகத் தெரிந்திருப்பது நல்லது. காதடைப்பான் கொஞ்சம் உதவும், ஆனால் அதிர்வு கட்டில் வழியாகவும் வருவதால் முழுதாக உதவாது. உடைக்கும் அறைக்கு நேர் கீழே இல்லாத அறையில் படுத்து, சீரான ஃபேன் இரைச்சலை ஓட விட்டால் தேவலை.

இந்தச் சத்தம் உங்களுக்கு மேலிருந்து வருகிறது, வேலையாளுக்கோ நாள் முழுக்கக் காதருகிலேயே. பிரேக்கர் பிடிப்பவர் காதருகே 100 டெசிபல் என்பது சாதாரணம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-ல் அது வெறும் 15 நிமிடம். என் தளங்களில் காதடைப்பான் கட்டாயம் என்று வைத்துப் பல வருடமாகிறது. இன்றும் பாதிப் பேர் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார்கள், போன் வந்தால் கேட்காதாம்.

அசோசியேஷனுக்கு வருவோம். "இடையூறு செய்யக் கூடாது" என்ற வரியை வைத்துச் செயலாளர் ஒன்றும் செய்ய முடியாது, அதில் அவர் சொல்வது சரி. எது இடையூறு என்று எழுதாத விதி விதியே இல்லை. ஆனால் அவர் கையில் ஒன்றுமே இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். வேலையாட்கள் உள்ளே வரும் வாசல், இடிபாட்டு மூட்டை இறங்கும் லிஃப்ட், மூட்டையைக் குவிக்கும் இடம், எல்லாம் பொது இடம், அசோசியேஷன் கட்டுப்பாட்டில் உள்ளவை. உடைப்பு நேரம் முடிந்தால் ஆட்கள் வெளியே, ஏழு மணிக்கு மூட்டை இறங்காது என்று செக்யூரிட்டிக்கு ஒரு வரி சொன்னால் போதும். அத்தனை விதிகளும் செய்யாததை அந்த லிஃப்ட் சாவி செய்துவிடும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். வேலை தொடங்க ஒரு வாரம் முன்பு அறிவிப்பு, எதை உடைக்கிறோம் என்ற வரைபடம், கான்கிரீட்டைத் தொடுவதென்றால் கட்டுமானப் பொறியாளரின் கடிதம், உடைப்புக்கென்று மொத்த நாள் வரம்பு, தினமும் நேர வரம்பு, மதியம் ஒரு மணி நேர ஓய்வு, ஞாயிறு கிடையாது, மேல் கீழ் பக்கத்து வீடுகளின் கூரை, சுவர் போட்டோ முன்கூட்டியே எடுத்தல், பாத்ரூம் என்றால் தண்ணீர் கட்டிச் சோதித்த பிறகே டைல்ஸ். திருப்பித் தரும் டெபாசிட் ஒன்று, அது இந்தச் சோதனையோடும் பொது இடச் சேதத்தோடும் கட்டப்பட்டிருக்கட்டும். டெபாசிட் இல்லாத விதியை நான் உட்பட எந்தக் காண்ட்ராக்டரும் படிப்பதில்லை.

போலீஸ்? இப்போது வேண்டாம். இந்திய விதிப்படி, வரம்பைவிடப் 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினாலோ, இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலோ உரிய அதிகாரியிடம் புகார் தரலாம். அதிகாரி என்றால் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி. இரவு பத்துக்கு மேல் பிரேக்கர் ஓடினால் தயங்காமல் போன் செய்யுங்கள். பகல் சத்தத்துக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து இரண்டு பேரையும் சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டுப் போவார், அதற்குப் பிறகு உங்கள் தேதிப் பட்டியலை மேல் வீட்டுக்காரர் வாங்கவே மாட்டார். தூணையோ பீமையோ கான்கிரீட் சுவரையோ தொடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் மட்டும் கதை வேறு. அதை அசோசியேஷனுக்கும், கட்டட அனுமதி தரும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் போட்டோவோடு எழுத்தில் கொடுங்கள். அங்கே நல்லுறவைப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் சமையலறை. விடுவார்களா என்று கேட்டீர்கள். இப்போது நீங்கள் கேட்கும் அதே நிபந்தனைகளை அப்போது அவர்கள் உங்களிடம் கேட்பார்கள், கேட்கட்டும். அதனால்தான் உங்களால் கடைப்பிடிக்க முடியாத எதையும் இன்றைக்குக் கேட்காதீர்கள். "சத்தமே கூடாது" என்று தீர்மானம் போட வைத்தால் உங்கள் பழைய கிரானைட் மேடையை எப்படி எடுப்பீர்கள்? அந்த மேடை, சுவர் டைல்ஸ், சிங்க் குழாய்க்கான காடி, மூன்றும் சேர்த்து மூன்று நாள் உடைப்பு. பொருத்தப் போகும் எல்லாவற்றையும், மின்சார பாயின்ட் எங்கே வரும் என்பது உட்பட, முதல் அடி விழுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் அந்த மூன்று நாளைத் தேதியோடு எழுதுங்கள். அப்புறம் உங்கள் கீழ் வீட்டுக்கு ஒரு நடை போய், அவர்கள் கூரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அங்கே பகலில் தூங்குபவர் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.